காது மிஷின்

ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குள் வந்த அன்புசெல்வனைப் பார்த்ததும் துளசிராமனுக்குப் பகீரென்றது. மகள் இளமதிக்கு மாப்பிள்ளை பார்க்க, ஆரம்பாக்கத்திலிருந்து புதுவாயலுக்கு மனைவியோடு வந்திருந்தார். பையனின் சட்டைப் பையில் ஒரு கறுப்பு டப்பா. அதிலிருந்து இரண்டு காதுக்கும் ஒயர்.

"இன்னாங்க இது, காது மிஷினு! தரகர் சொல்லவே இல்லியே?" என்று கிசுகிசுத்தாள் லட்சுமியம்மாள்.

"கம்முனு இரு. காது மந்தம்னா இன்னா இப்போ? பையன் தங்கமா கீறான், கம்பெனி வேலை. இதையும் விட்டா அடுத்த வரனுக்கு எங்க போறது?"

தன் பெருந்தன்மையில் தானே பூரித்துப்போய், தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "தம்பீ! காது எப்பலேர்ந்து இப்படி? சும்மா சொல்லு, நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்!"

அன்புசெல்வன் ஒயரைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். "மெதுவாவே பேசுங்க மாமா, எனக்குக் காது நல்லா கேக்குது. இது ஆம்ப்ளிஃபையர். எம்பி த்ரீ பிளேயர்ல வர்ற பாட்டை இன்னும் துல்லியமா கேக்கறதுக்கு. மூணு மாசச் சம்பளத்தைப் போட்டு வாங்கினேன்."

"இது இல்லேன்னா பாட்டு கேக்காதா?"

"கேக்கும் மாமா. ஆனா இதுல, பாடறவங்க மூச்சு விடறதுகூடக் கேக்கும்!"

துளசிராமன் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும் விடுவிடுவென்று நடந்தார்.

"அதான் காது நல்லா கீதுன்னு சொல்லிட்டானே, அப்புறம் இன்னா கோவம்?" என்றாள் லட்சுமியம்மாள்.

"காது கேக்காதவனுக்குக்கூடப் பொண்ணு குடுக்கலாம், லட்சுமி. நல்லா கேக்கற காதுக்கு மிஷின் மாட்டிக்கினு திரியறவனுக்கு எப்படிக் குடுக்கறது?"