அந்தப் பக்கத்து நான்

புறப்பட்ட அன்று காலையில் சுகந்தி சேமியா உப்புமா கிளறினாள். உப்பு போதவில்லை என்றேன். “வேணும்னா போட்டுக்குங்க” என்றாள்.

எங்கள் மகள் நித்திலா காய்ச்சலில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே திறந்துகொண்ட வாசலுக்கு அப்பால் இன்னோர் உலகம் இருந்தது. அங்கேயும் இதே வீடு, இதே நான். ஆனால் அந்தக் காய்ச்சலில் அங்கே இறந்தவள் சுகந்தி, மகள் பிழைத்துவிட்டாள். அன்று மாலை வாசல் மூடிவிடும். அப்போது எந்தப் பக்கம் நிற்கிறோமோ, பிறகு அதுதான் நம் உலகம்.

“நானும் வர்றேன்” என்றேன்.

“அங்கதான் ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே. ரெண்டு பேரோட குறட்டைய யாரு கேக்குறது?” என்று சிரித்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்கள விட்டுட்டுப் போகலைங்க. உங்ககிட்டதான் போறேன். புள்ளைக்குத் தலை பின்னத் தெரியாம அங்க முழிச்சிக்கிட்டு இருக்கீங்க.”

அவள் போனாள். மாலையில் வாசல் வெறும் சுவராகிவிட்டது.

அடுத்த வாரம் என் அக்கா வந்து, சுகந்தி படத்துக்கும் மாலை போடச் சொன்னாள்.

“அவ உசுரோட இருக்காக்கா.”

“யாருக்குடா?”

கூடத்தில் மாலை போட்ட படம் இப்போதும் ஒன்றுதான்.