சோபா மெத்தைக்கு அடியில் ஒரு பல்கலைக்கழகம்

சச்சிதானந்தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும், சாம்பவி கையிலிருந்த புத்தகத்தைச் சோபா மெத்தைக்கு அடியில் செருகினாள். அவசரத்தில் ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"இருங்கோ அங்கிள். அப்பா குளிக்கிறார். தேத்தண்ணி போடட்டே?"

"போடு பிள்ளை. படக் கசற் திருப்பிக் குடுக்க எப்பவும் எங்கடை வினோதன்தானே வாறவன். இண்டைக்கு அவனுக்குப் பள்ளிக்கூடத்திலை ஏதோ ரெஸ்ற்றாம்."

அவள் குசினிக்குப் போனாள். அவர் வீடியோ கசற்றை மேசையில் வைத்துவிட்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரும் சாம்பவியின் தகப்பன் பத்மநாதனும் ஒரே மாதத்தில் ரொறன்ரோவுக்கு வந்தவர்கள். ஒரே தொழிற்சாலையில் வேலை. நிரந்தரமாகத் தங்குவதற்கான லாண்டட் பேப்பர் பத்மநாதனுக்குத்தான் முதலில் கிடைத்தது. அஜின்கோர்ட்டில் இந்த வீடும் அப்படித்தான். கண்ணூறு படுமென்று பத்மநாதன் எதையும் முன்கூட்டிச் சொல்லமாட்டார். வீடு வாங்கிய செய்தியே பால் காய்ச்ச அழைத்தபோதுதான் தெரியவந்தது. அன்று குடித்த பால் சச்சிதானந்தனின் நாக்கில் இன்னும் கசந்தது.

கேத்தில் இரையத் தொடங்கியதும் புத்தகத்தை உருவினார்.

வழுவழுப்பான தாளில் செங்கல் கட்டடங்கள், ஒரு ஏரி, மரத்தடியில் வட்டமாக இருந்து படிக்கும் பிள்ளைகள். தனியார் பல்கலைக்கழகம், ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேர்தான். நியூயோர்க் என்றும் போட்டிருந்தது. தபாலில் வந்தபோது பெயரும் முகவரியும் ஒட்டியிருந்த இடம் நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது. பெயரைக்கூட விட்டுவைக்காத ஒளிப்பு.

பஸ் மாறி ஏறுவதற்குத் தந்த ட்ரான்ஸ்பர் துண்டின் பின்புறத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொண்டார். பிறகு புத்தகத்தைப் பழையபடி, மூலை வெளியே தெரிய, செருகிவைத்தார்.

பத்மநாதன் தலையைத் துவட்டியபடி வந்தார்.

"மகள் எந்த யூனிவேர்சிற்றிக்குப் போறா? முடிவெடுத்தாச்சே?"

"எங்கை... பாப்பம். இன்னும் ஒண்டும் சரிவரேல்லை."

வீடு வாங்குவதற்கு முந்தின கிழமையும் இதே 'பாப்பம்'தான். சச்சிதானந்தன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

அவருடைய மகன் வினோதனுக்கும் இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். போன மாதம், சரித்திரம் படிக்கப்போவதாக ஒருநாள் வாய்திறந்தான். தகப்பன் மூன்று நாள் அவனோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் அவனே இஞ்சினியரிங் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்து காட்டினான். அதோடு அந்தக் கதை முடிந்திருந்தது.

"உந்த இடத்துக்கும் ஒரு அப்ளிக்கேஷன் போடு. சாம்பவி போற இடம்," என்று வீட்டுக்கு வந்ததும் சச்சிதானந்தன் அவனிடம் ட்ரான்ஸ்பர் துண்டை நீட்டினார்.

வினோதன் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "உது வேண்டாம், அப்பா."

"நியூயோர்க்கடா."

"நியூயோர்க் சிற்றி இல்லை. அதுக்கு அங்கையிருந்து அஞ்சு மணித்தியாலம். சுத்திவர மாட்டுப் பண்ணை. ஞாயிற்றுக்கிழமையிலை பஸ்ஸும் ஓடாது."

"பஸ் ஓடாட்டி அறைக்குள்ளை இருந்து படி."

கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த மனைவி தவமணி தலையை நிமிர்த்தினாள். "ஒருத்தரும் கேள்விப்படாத இடமப்பா. இஞ்சை வீட்டிலை இருந்து படிக்கட்டுமன்."

"கேள்விப்படாத இடமெண்டுதானே சொல்லுறன். தெரிஞ்ச இடமெண்டால் எல்லாற்றை பிள்ளையளும் அங்கைதான் நிக்கும்."

"செலவு?"

"ஸ்கொலர்ஷிப் இல்லாமல் பத்மநாதன் மோளை விடுவானே?"

"அங்கை இஞ்சினியரிங் இல்லை, அப்பா," என்றான் வினோதன். "முதல் ரெண்டு வருஷமும் எல்லாத்திலையும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கவேணும். பிறகுதான் பாடத்தைத் தெரிவுசெய்யிறது."

சச்சிதானந்தன் ஒரு கணம் தடுமாறினார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"அதுதான் விஷயம். பிறகு தெரிவுசெய்யேக்கை டொக்டர் படிப்பைத் தெரிவுசெய்வாள். பன்னிரண்டு பேரை மட்டும் வைச்சு வேறை என்னத்தைப் படிப்பிக்கிறது? பத்மநாதன் என்ன விசரனே?"

தவமணி மறுபடி லீக்ஸை வெட்டத் தொடங்கினாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்த வினோதன் படிவத்தை மேசையில் வைத்தான். வெள்ளிக்கிழமை கடைசித் திகதி என்றான். முகம் தொங்கிப்போயிருந்தது. பெற்றோர் ஒப்பமிட வேண்டிய இரண்டு இடத்திலும் சச்சிதானந்தன் பேனையை அழுத்திக் கையெழுத்து வைத்தார். வைத்தபிறகு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார்.

"சாம்பவிக்குக் கிடைச்சு உனக்குக் கிடைக்காட்டி, பிறகு நான் பத்மநாதன்ரை முகத்திலை முழிக்கேலாது. இஞ்சினியரிங்கை விட்டுத்தள்ளு. இடம் கிடைச்சால் நீ இதுக்குத்தான் போறாய்."

"நீங்கள் சொன்னால் சரி, அப்பா."

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. எனக்குப் பால் காய்ச்சேக்கைதானே சொன்னவன். அவனுக்கு நீ பஸ் ஏறினாப் பிறகு தெரிஞ்சால் போதும்."

"ஓம் அப்பா."

அவர் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னேர வேலைக்குக் கிளம்பினார். வெளியே லிஃப்ற் கதவு மூடிய சத்தம் கேட்கும்வரை வினோதன் அசையாமல் இருந்தான். பிறகு தொலைபேசியை அதன் நீண்ட வயரோடு குளியலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, பத்மநாதன் வீட்டு இலக்கத்தைச் சுழற்றினான். சாம்பவிதான் எடுத்தாள்.

"சைன் வைச்சிட்டார். இனி என்ரை புத்தகத்தைத் திருப்பித் தா."