கோணல் டிவி

"கண்ணு இருக்கிற எவனாவது இப்படி மாட்டுவானா?"

ஸ்கேல் சார் ஹாலின் நடுவில் நின்று கத்தினார். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. ஒரு வரி நூலளவு சாய்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அங்கே வைத்த பெயர் அது.

புது டிவி, சோபாவைப் பார்க்காமல், கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"மாட்டும்போது நீங்க எங்க போனீங்க?" என்றாள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்த மனைவி.

"பால்கனியில போன்ல நின்னேன். ரிமோட்டுக்கு பேட்டரி வைக்காம அனுப்பிட்டாங்க. ஒண்ணை அழுத்து, மூணை அழுத்துன்னு அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வெச்சாங்க. போனைக் காதுல வெச்சபடியே அந்த ஆள் நீட்டின காகிதத்துல கையெழுத்துப் போட்டேன். அவன் போனப்புறம் பார்த்தா இந்த லட்சணம்!"

"கையால திருப்பிப் பாருங்களேன்."

"அசைஞ்சாத்தானே? போல்ட் போட்டு இறுக்கிட்டான்."

செல்போன் சிணுங்கியது. 'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

ஒன்று கொடுத்தார். "பூஜ்யம் இருந்தா அதைத்தான் கொடுத்திருப்பேன்."

புகாரும் பதிவு செய்தார். சரிசெய்ய எட்டு நாள் கழித்து ஆள் வருமாம்.

அந்த எட்டு நாளும் அவருக்குக் கழுத்து வலி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சாய்ந்து செய்தி வைப்பார். ஐந்தாவது நிமிஷம் கண் சொக்கும். கட்டைவிரல் ரிமோட்டில் எங்கேயோ அழுந்தி, கேட்காமலே கம்பெனி தலையில் கட்டிய நாற்பது சேனல்களில் ஏதோ ஒன்றுக்குப் போய்விடும். எது ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. சத்தம் குறைந்த டிவியின் வெளிச்சம் மட்டும் தரையில் நகர்ந்து, சுவரில் ஏறி, இறங்கிக்கொண்டிருக்கும்.

விழித்ததும் டிவியை அணைத்துவிட்டு, அக்காவின் அறைக்குப் போய் இரண்டு நிமிஷம் உட்காருவார்.

அவரைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அக்கா. இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதமாகப் படுக்கை. இரண்டு பக்கமும் தலையணை அணைகொடுத்திருந்ததால் புரள முடியாது. கண்ணுக்கு எதிரே அறை வாசல் ஒன்றுதான். பேச்சே குறைந்துபோயிருந்தது.

ஒரு நாள் அவளாகவே பேசினாள்.

"தம்பி, இன்னிக்குத் திமிங்கிலம் வந்துச்சுடா. வீடு பெருசு. பக்கத்துலயே அதோட குட்டி. எந்த அவசரமும் இல்லாம போச்சுங்க."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

மறுநாள், "இன்னிக்குக் குடை குடையா மிதந்துச்சு. உள்ளுக்குள்ள விளக்கு ஏத்தி வெச்ச மாதிரி. நானும் கூடவே மிதந்தேன். வலியே தெரியலடா" என்றாள்.

அவர் மனைவியிடம் கிசுகிசுத்தார். "மாத்திரை வேலையைக் காட்டுது. டாக்டர்கிட்ட சொல்லி மாத்தணும்."

"ரெண்டு வாய் கூடவே சாப்பிடறாங்க. சிரிக்கிறாங்க. கனவுதானே, காணட்டும். விடுங்க" என்றாள் அவள்.

எட்டாம் நாள் மாலை மெக்கானிக் வந்தார். டிவியின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சார், இது தப்பா மாட்டினதில்ல. செட்டோட வர்ற கம்பியைக் கழட்டிட்டு, பக்கவாட்டுல திருப்பற கம்பி போட்டிருக்காரு. இது கம்பெனி தர்றதில்ல. அவரே கொண்டுவந்து போட்டிருக்கணும்."

"எதுக்கு?"

"அவரைத்தான் கேட்கணும்."

நாலு போல்ட்டைத் தளர்த்தி, டிவியை சோபாவுக்கு நேராகத் திருப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, சுவிட்சைப் போட்டார். நேற்று நின்ற சேனலிலேயே டிவி விழித்துக்கொண்டது. ஹால் முழுக்க நீலம்.

"பிரமாதம்! இப்பத்தான் டிவி மாதிரி இருக்கு!" என்றார் ஸ்கேல் சார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, கதவைச் சாத்திட்டியா?"

"இல்லியேக்கா, திறந்துதான் இருக்கு."

"அப்ப ஏன்டா இன்னிக்குக் கடல் வரல?"

ஸ்கேல் சார் டிவியைப் பார்த்தார். திமிங்கிலமும் குட்டியும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன.

விறுவிறுவென்று உள்ளே போனார். நாலு மாதத்தில் முதல் தடவையாகக் குனிந்து, அக்காவின் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை வைத்துப் பார்த்தார். வாசல். அதற்கு அப்பால் கொஞ்சம் சுவர். டிவியின் கறுப்பு விளிம்பு.

மெக்கானிக் பையை மூடிக்கொண்டிருந்தார்.

"பழையபடி திருப்பிடுங்க" என்றார் இவர்.

"கோணலாவா சார்?"

"கோணலாத்தான்."

கடல் மறுபடி வாசல் வழியாக வந்தது. தரையில் பரவி, கட்டில் கால் ஏறி, அக்காவின் போர்வையில் அலையடித்தது. அவர் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார்.

"இங்கேர்ந்து டிவி தெரியுதுன்னு ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியாதா என்ன?" அக்கா கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாட்ட வந்த மனுஷர் இங்க வந்து, இப்ப நீ பார்த்த மாதிரியே குனிஞ்சு பார்த்துட்டுப் போனாரு. 'தெரியுதாம்மா, தெரியுதாம்மா'ன்னு அங்கேர்ந்து ரெண்டு தரம் கேட்டாரு. எதுக்குங்க உங்களுக்கு இவ்வளவு சிரமம்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'நான் என்னம்மா பண்றது, உங்க தம்பி உத்தரவு'ன்னு சிரிச்சாரு."