முப்பது ரூபாய் எலுமிச்சை எண்ணெய்

காகிதக் கீற்றுகள் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் ஜெபகுமார். ஒன்றில் பஜ்ஜி மடித்த காகிதம் போல எண்ணெய் வட்டம். மற்றதில் பெயருக்குக்கூடப் பசையில்லை.

நேற்று மாலை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டு வைத்திருந்தார். குப்பிகள் இரண்டும் ஒரே மாதிரி பிளாஸ்டிக். ஒரே மஞ்சள் லேபிள். 'லெமன் ஆயில், ரூ.30.'

கேளம்பாக்கத்தில் ஒரு வாசனை எண்ணெய்க் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக அவருக்கு இதுதான் பிழைப்பு. கலப்படக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கிற மூக்கு.

அந்த மூக்கைத்தான் சம்பத் ஏமாற்றியிருக்கிறான்.

சம்பத் ஆட்டோக்காரன். ஜெபகுமாரின் மனைவி ஜெரூஷாவுக்குக் கீமோ ஆரம்பித்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவன் வண்டிதான். போன மாதம் திரும்பி வரும்போது, குமட்டலில் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டிருந்தவளிடம், முகரச் சொல்லி ஒரு குப்பியை நீட்டினான். தாம்பரம் ஸ்டேஷன் நடைபாலத்தில் முப்பது ரூபாய்க்கு வாங்கினதாம்.

ஜெபகுமாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டில் பவுடர், பினாயில் வாசனைகூட அவளுக்கு ஆகாதென்று அப்புறப்படுத்தி வைத்திருக்கிறார். இவன் ரசாயனத்தை முகரக் கொடுக்கிறான் என்று, விலையைக் கேட்டதோடு சரி, அவர் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆனால் அதை முகர்ந்த அன்றுதான், பல நாளுக்குப் பிறகு, ஜெரூஷா குடித்த கஞ்சி வயிற்றில் தங்கியது. அவரே குப்பியை எடுத்து அவள் தலைமாட்டில் வைத்தார்.

குப்பி தீரப்போகிறதே என்று நேற்று தானே பாலத்தில் ஏறி, அங்கே விற்பவனிடம் இன்னொன்று வாங்கி வந்தார். அதை முகர்ந்ததும் ஜெரூஷா குமட்டிக்கொண்டு எழுந்து ஓடினாள். அதனால்தான் இந்தச் சோதனை.

எண்ணெய் வட்டம் விட்டது அவர் வாங்கியது: மட்டமான எண்ணெயும் எசன்ஸும். சுவடில்லாமல் ஆவியாகிப் போனது சம்பத் கொடுத்தது: சுத்தமான எலுமிச்சை. அந்த எண்ணெயில் முப்பது ரூபாய்க்கு மூடியை நனைக்கக்கூட முடியாது.

லேபிளில் உயர்ந்ததை எழுதி உள்ளே மட்டத்தை ஊற்றுகிறவர்களை அவர் நிறையப் பிடித்திருக்கிறார். மட்டமான குப்பியைக் காலி செய்து, கழுவி, அதில் அசலை ஊற்றிக் கொடுக்கும் திருடனை இப்போதுதான் பார்க்கிறார்.

ஏன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சபையார் பணம் சேர்த்துக் கொடுத்த கவரைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். சம்பத் ஒருமுறை வாங்கி வந்த மாதுளம்பழங்களையும், எங்களுக்கு ஒரு குறையுமில்லை என்று வாசலோடு அனுப்பினவர். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு எப்படிக் கொடுப்பதென்று அவன் கண்டுபிடித்துவிட்டான்.

ஆண்டவரே, இவனைக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம் என்றார், வாய்விட்டே.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

“இன்னா சார், அக்காவோட எண்ண தீந்துட்சா? இன்னொண்ணு வாங்கியாரட்டா? முப்பது ரூபா தான் சார், பிரிட்ஜ் மேல விக்கிறான்.”

ஜெபகுமார் கீற்றுகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

“வாங்கிட்டு வா, சம்பத்.”

ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினார். சம்பத் காக்கிச் சட்டைப்பையைத் துழாவி, கணக்காக இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தான்.

ஜெபகுமார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.