மணல் நிற ஏவுகணை

நேராக மூன்றாவது அலமாரிக்குப் போனாள். வேறு எதையும் பார்க்கவில்லை.

வாங்க வந்தது ஒரே பொருள்தான். ஏவுகணைப் பொட்டலம். உள்ளே ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள், ஆள் ஒவ்வொன்றும் அரிசி மணியளவு. முக்காலியில் ஏற்றிய குழாய்கள். மேஜைமேல் ஆடும் போர் விளையாட்டில் டேங்க்கை உடைக்க இதைவிட்டால் வேறில்லை.

கொக்கி காலியாக இருந்தது.

அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. உள்ளறையில் இருப்பு இருக்கும். காந்திபுரத்து மாடியில் இருக்கும் இந்தக் கடையை விட்டால் கோவையில் இதற்கு வேறு கதியில்லை. கடைக்காரர் இன்பராஜ் யாருக்கோ பில் போட்டுக்கொண்டிருந்தார். காத்திருந்தாள்.

இன்றைக்கு வாங்கிவிடுவாள். சாயங்காலம் வடவள்ளி வீட்டு வாசலில் போய் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் புருஷனைத் துவைத்துக் காயப்போடுவாள்.

அப்புறம் வேண்டுமானால் சமாதானம்.

ஏவுகணை இல்லாமல் அந்தப் படி ஏறுவதில்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தாள்.

சண்டை ஒரு புளியங்கொட்டையால் வந்தது.

கல்யாணமானதிலிருந்து ஞாயிறுதோறும் புருஷனும் பெண்டாட்டியும் மேஜையில் மோதிக்கொள்வார்கள். மதனகோபாலின் படை பச்சை. அவளுடையது மணல் நிறம். இரண்டுக்கும் பெயிண்ட் அடித்தது அவள்தான். அவனுக்குப் பிரஷ் பிடிக்க வராது.

அன்று அவனுடைய டேங்க்குகள் வரிசை கட்டி ஏறி வந்தன. அவளிடம் ஏவுகணை பொம்மை இல்லை. அவசரத்துக்கு ஒரு புளியங்கொட்டையை மேட்டின்மேல் வைத்து, இதுதான் ஏவுகணை என்றாள்.

பொம்மை இல்லையென்றால் படையும் இல்லை. அவர்கள் வீட்டு மேஜைக்கு அதுதான் சட்டம். அதை வாயால் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாள்.

அவன் சுண்டிவிட்டான்.

கொட்டை சமையலறை வாசலில் போய் விழுந்தது. கூடவே ஒரு சிரிப்பு வேறு.

நாலு சுடிதாரைப் பையில் திணித்தாள். அஞ்சறைப்பெட்டியைக் கவிழ்த்துத் துடைத்து, கடுகு இருந்த கிண்ணத்தில் சிப்பாய்களையும் மிளகு இருந்த கிண்ணத்தில் டேங்க்குகளையும் அடுக்கினாள். நேரே பீளமேட்டில் அக்கா வீடு.

"ஒரு புளியங்கொட்டைக்கா புருஷனை உட்டுட்டு வந்தே?" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

புளியங்கொட்டைக்காக இல்லை. சுண்டியதற்காக.

இந்த வித்தியாசம் அக்காவுக்கு விளங்கவில்லை. அவனுக்கு விளங்கியதா என்பதும் தெரியவில்லை. ஒரு மாதமாகப் போகிறது, அவனிடமிருந்து போன் இல்லை. அவளும்தான் பேசவில்லை. அது வேறு விஷயம்.

பில் வேலை முடிந்து இன்பராஜ் நிமிர்ந்தார்.

"மிஸைல் பாக்கெட் உள்ள இருக்குங்களா?"

பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"கடைசி பாக்கெட்டை சார்தாங்க எடுத்துட்டுப் போனாரு. போன வாரம். அடுத்த லோடு எப்ப வருமோ தெரியலீங்க."

சார் என்றால் மதனகோபால்.

முதலில் அவளுக்கு மெச்சத்தான் தோன்றியது. எதிரிக்கு ஆயுதமே கிடைக்காமல் சந்தையை வளைத்துவிட்டான். கெட்டிக்காரன்தான்.

ஆத்திரம் கொஞ்சம் தாமதமாக வந்தது. வந்ததும் காது மடல் சுட்டது. ஒரு விளையாட்டில் ஜெயிக்க இந்த அளவுக்கு இறங்குவானா? இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதற்கு இதுதான் மரியாதையா? திரும்பிப் போக அவள் வைத்திருந்த ஒரே வழி. அதையும் அடைத்துவிட்டான்.

இருக்கட்டும். அக்கா வீடு பெரிய வீடு.

வாசலை நோக்கித் திரும்பினாள்.

"கூடவே மணல் கலர் பெயிண்ட்டும் எடுத்தாருங்க," என்றார் இன்பராஜ், பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "நான்கூடச் சொன்னனுங்க, உங்களுது பச்சைங்களேன்னு. அதுக்கு அவரு பிரஷ்ஷை எப்படிக் கழுவறதுன்னு கேட்டுக்கிட்டாரு. நீங்க இந்தப் பக்கம் வந்தீங்களான்னும் கேட்டாரு."

நின்றாள்.

மணல் கலர்.

அவன் கையில் பிரஷ். சிப்பாயின் சட்டையிலும் மணல், மூஞ்சியிலும் மணல், குழாயிலும் மணல். பெயிண்ட் காயும் முன்னே தொட்டுப் பார்த்திருப்பான். மேஜை விரிப்பு போயே போயிருக்கும். அவளுக்குத் தெரியாதா அவனை?

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. அவன்மேல் அவ்வளவு ஆசையாக இருந்தது. அழுவதைக் கடைக்காரர் பார்க்க வேண்டாமென்று அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேல் வரிசையில் டேங்க்குகள் தொங்கின. புதுச் சரக்கு. முந்திரிப்பருப்பு நீளம், நல்ல கனம். வரும்போதெல்லாம் மதனகோபால் எடுத்துப் பார்த்துவிட்டு, மனசில்லாமல் மாட்டிவிட்டுப் போகும் ரகம்.

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். எட்டி எடுத்தாள்.

"இதுல ரெண்டு பாக்கெட் போடுங்க. பச்சை பெயிண்ட் ஒரு டப்பா."

இன்பராஜ் விழித்தார். "ஏனுங்க, உங்களுது மணல் கலருங்களே?"

"இது எங்க வீட்டுக்காரருக்குங்க," என்றாள். "அத்தனை மிஸைலை வெச்சுக்கிட்டு நான் எதைத்தான் சுடறது?"