இடித்த இறைச்சி

“இது யாருக்குள்ள எறச்சி, சரோஜம்?”

கனகதாஸ் கேட்டும் சரோஜத்தின் கை நிற்கவில்லை. உரலில் உலக்கை விழுந்துகொண்டே இருந்தது.

பாறசாலைப் பக்கம் சரோஜத்தின் கடைக்கு ஒரு பேர் உண்டு. வேகவைத்த மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மாட்டிறைச்சியும்தான் வியாபாரம். கிழட்டு மாட்டு இறைச்சியை வாசல்படி ஏற்ற மாட்டாள். சந்தையில் தங்கையன் வெட்டி வைத்திருப்பதை விரலால் அமுக்கிப் பார்ப்பாள். பிடிக்கவில்லையா, அன்றைக்குக் கடையே கிடையாது. கிடைத்த அன்றைக்கோ, இறைச்சி வாயில் வைத்ததும் கரையும்.

அப்படிப்பட்ட இறைச்சியைப் போய் யாராவது உரலில் போட்டு இடிப்பார்களா?

சரோஜம் இடித்தாள். கொஞ்ச நாளாகத் தினமும் எலும்பில்லாத தொடைக்கறியாகப் பார்த்து எடுத்து, மாவாக இடித்து, வடைபோலத் தட்டி, கல்லில் போட்டுப் புரட்டி, மசித்த கிழங்குக்கு நடுவில் வைத்து வாழையிலையில் பொதிந்து கட்டினாள். சாயங்காலம் கான்ஸ்டபிள் வேலாயுதன் வந்து பொதியை வாங்கிக்கொண்டு போவார்.

ஊருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் இன்ஸ்பெக்டருக்குப் பல்செட்; இடித்த இறைச்சி அவருக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டது.

ஐம்பத்து நாலாம் வருஷம் அது. மலையாள ராஜ்ஜியத்தில் இருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் இழுத்துப்போய் லாக்கப்பில் போட்டிருந்தது. போலீஸ்காரனுக்கு யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று போராட்டக் கமிட்டி கட்டளை போட்டிருந்தது. கமிட்டிச் செயலாளர் கனகதாஸ்.

உள்ளே கிடந்தவர்களில் ஒருவன் அவருடைய தம்பி ராபின்சன். பார்க்க ஒருத்தரையும் விடவில்லை. விடாவிட்டால் என்ன? “எனக்க தம்பி உள்ள சிங்கம் மாதிரி இருக்கானாக்கும்!” என்று மேடைக்கு மேடை முழங்கிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார் கனகதாஸ்.

வெளியே சொல்லிக்கொள்ள முடியாத சங்கதி இன்னொன்றும் உண்டு. அவர் சரோஜம் கடைக்கு நித்தப்படி ஆள். கொஞ்ச நாளாக அவர் இலையில் எலும்புதான் விழுந்தது. தேசப்பற்றோடு அந்த ஆத்திரமும் சேர்ந்துதான், அன்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருந்தார்.

“கேக்குதது காதுல விழல்லியா? தொடைக்கறி எல்லாம் பல்செட்டுக்காக்கும், இல்லியா?”

“இல்லண்ணா. இது ஒரு பாவப்பட்ட ஜீவனுக்கு...”

“ஆமா, பாவப்பட்ட இன்ஸ்பெக்டரு!”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“செரி, யாருக்குண்ணு சொல்லு. சொன்னா நான் இப்பளே திரும்பிப் போறேன்.”

சரோஜம் அவர் முகத்தையே பார்த்தாள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“சொல்லமாட்டேண்ணு வாக்குக் குடுத்திருக்கேன் அண்ணா.”

“போலீசுக்கு வாக்கு குடுத்திருக்காளாம்! கேட்டியளா மக்கா?”

கனகதாஸ் உரலை நோக்கிப் போனார். சரோஜம் குறுக்கே விழுந்து மறித்தாள்.

“பானைய ஒடைங்க, அடுப்ப இடிங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். உரல்ல உள்ளத மட்டும் தொடாதிங்க. உங்களக் கும்பிடுதேன்.”

கும்பிட்டதுதான் வினையாகப் போயிற்று. சொந்த அடுப்பைவிட அவளுக்கு இன்ஸ்பெக்டரின் வயிறு பெரிதாகப் போய்விட்டதா? கனகதாஸ் அவளைத் தள்ளிவிட்டு, உரலில் கிடந்ததை இரண்டு கையாலும் அள்ளி ரோட்டில் வீசினார். நாய்கள் ஓடி வந்தன. கூட வந்தவர்கள் கூரையைப் பிரித்துப்போட்டு, சுவரையும் இடித்துத் தள்ளினார்கள்.

சரோஜம் அன்றைக்கே கள்ளிக்காட்டில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். துரோகி ஒழிந்தாள் என்று கமிட்டி தீர்மானம் போட்டது.

ஓணம் கழிந்து ராபின்சனை விட்டார்கள். ஸ்டேஷன் வாசலிலிருந்தே மாலையும் கோஷமுமாக ஊர்வலம் புறப்பட்டது. தம்பி எலும்பும் தோலுமாக வந்தான். துவர்த்துத் துண்டால் வாயைப் பொத்தியபடியே நடந்தான். அழுகையை அடக்குகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். கனகதாஸுக்கும் கண் கலங்கிற்று.

சரோஜம் கடை இருந்த இடத்தில் ராபின்சன் நின்றுவிட்டான். இடிந்த சுவரையும் கவிழ்ந்து கிடந்த உரலையும் பார்த்தான். அண்ணன் பக்கம் திரும்பித் துவர்த்தை எடுத்தான்.

வாயில் முன்பல் ஒன்றுகூட இல்லை. பேசினால் காற்றுதான் வந்தது. கனகதாஸ் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

“அடிச்சதுல பல்லு எல்லாம் போச்சு அண்ணா. வெறும் கஞ்சித் தண்ணியில சாவக் கெடந்தேன். சரோஜக்கா எறச்சிய இடிச்சுக் குடுத்து விட்டுத்தான் எனக்க உசுரு நிண்ணுது. வேலாயுதன் போலீசு ஒளிச்சுக் கொண்டுவந்து தந்தாரு. பல்லு போனது தெரிஞ்சா நீ தாங்கமாட்டியேண்ணு, உனக்கிட்ட சொல்லண்டாம்ணு நாந்தான் சொல்லி விட்டேன். பொறவு ஒருநாள் பொதி நிண்ணு போச்சு... அக்கா எங்க அண்ணா? எந்தப் பாவி அவளுக்க கடைய இடிச்சான்?”

கனகதாஸ் தம் இரண்டு கைகளையும் பார்த்தார்.

பின்னாலிருந்து கூட்டம் முண்டியது. “சிங்கம் என்ன சொல்லுது? எங்களுக்கும் சொல்லுங்க செயலாளரே!”

கனகதாஸ் தம்பியின் கையிலிருந்து துவர்த்தை வாங்கி, அவன் வாயை மறுபடி பொத்திவிட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

“‘தமிழ்நாடு வாழ்க’ண்ணு சொல்லுதான்! எல்லாரும் கூடச் சொல்லுங்கலே, நல்லா சத்தமா!”