வீட்டுக்காரரைக் காணோம்

ஞானபூரணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேர், ஊர் எல்லாம் மறந்துபோகிற புருஷன் இந்தச் சாத்தூர் வெயிலில் எங்கே போனாரோ! ரயில் தண்டவாளத்தில் ஏறிவிட்டால்?

தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த வேலுத்தாயிடம் ஓடினாள். "எங்க வீட்டுக்காரரைப் பாத்தியாடி?"

வேலுத்தாய் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "சர்ச்சுக்குப் போனாக, டீச்சர்."

சர்ச்சில் மணியடிக்கும் யோபுவும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "கிணத்தடிக்குப் போனாகளே!"

கிணற்றடியில் வள்ளித்தாய் சிரித்தாள். "இப்பத்தான் வீட்டுக்குத் திரும்புனாக. வெரசா போங்க."

"ஊரே சேந்து என்னைய அலைக்கழிக்குது!" வீட்டு வாசலுக்கு வந்தவள் சட்டென்று திரும்பிச் சீறினாள். "யாருய்யா நீங்க? குடையைப் பிடிச்சுக்கிட்டு எம் பின்னாலயே வாறீக?"

"வெயிலா இருக்கேன்னுதான்." அவளுடைய புருஷன் ஜேசுதாசன் குடையை மடக்கினார். "உள்ள வா பூரணி, கஞ்சி குடிப்போம். நாளைக்கும் சேந்தே தேடுவோம்."